பிள்ளைகளோடு ஜியோகேச்சிங்: கொழும்பில் எப்படித் தொடங்குவது

சனி ஞாயிறில் பிள்ளைகளை எங்கே கூட்டிக்கொண்டு போவது என்று தெரியாமல் கடைசியில் ஏதாவதொரு மோலில் போய் நிற்கும் வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, கொட்டாஞ்சேனை அம்மா அப்பாமாருக்காக இதை எழுதுகிறேன். ஜியோகேச்சிங் விளையாட மைதானம் வேண்டாம், பயிற்றுநர் வேண்டாம், இரண்டு ரியூஷனுக்கு நடுவில் கிடைக்கும் இரண்டு மணித்தியாலம் போதும். ஐந்து வயதுப் பிள்ளையும் அம்மம்மாவும் சேர்ந்து செய்யக்கூடிய வெளி விளையாட்டு நம் நகரத்தில் வேறு அதிகம் இல்லை, அதனால்தான் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

விளையாட்டு இவ்வளவுதான். யாரோ ஒருவர் ஒரு சின்னப் பெட்டியை எங்கேயாவது மறைத்துவைத்து, அந்த இடத்தின் அகலாங்கையும் நெட்டாங்கையும் இணையத்தில் போடுகிறார். மற்றவர்கள் போனில் உள்ள ஜிபிஎஸ்ஸை வைத்துத் தேடிப் போய், பெட்டியைத் திறந்து, உள்ளே இருக்கும் சின்னக் கொப்பியில் பெயரையும் திகதியையும் எழுதிவிட்டு, இருந்த இடத்திலேயே இருந்தபடியே திரும்ப வைத்துவிட்டு வருகிறார்கள். அந்தப் பெட்டியைத்தான் கேச் என்கிறோம். 2000ஆம் ஆண்டு மே 2ஆம் திகதி, பொதுமக்களுக்கான ஜிபிஎஸ் சமிக்ஞையில் வேண்டுமென்றே சேர்த்துவந்த பிழையை அமெரிக்க அரசு நிறுத்தியது. அதுவரை 100 மீற்றர் தள்ளிக் காட்டக்கூடிய கருவிகள் ஒரே இரவில் துல்லியமாகின. மறுநாளே ஒரிகன் மாநிலத்தில் டேவ் உல்மர் என்பவர் ஒரு வாளியை மறைத்துவைத்து இடத்தை அறிவித்தார், அதிலிருந்து பரவியதுதான் இது. இன்று உலகம் முழுவதும் 30 இலட்சத்துக்கு மேற்பட்ட கேச்கள் இருக்கின்றன.

கொழும்பில், ஐரோப்பிய நகரங்களில் இருப்பதுபோலத் தெருவுக்குத் தெரு கேச் கிடையாது. அதைவிட முக்கியமான விஷயம், இது யுத்தத்தையும் குண்டுகளையும் கண்ட ஊர், இங்கே ஒரு மனிதர் மதிலோரத்தில் குனிந்து பெட்டி தேடினால் பார்க்கிறவர்களுக்கு வேறு நினைப்பு வரும். ஆகவே வெளிநாட்டு வழிகாட்டிகளை அப்படியே எடுத்து இங்கே விளையாட முடியாது. வெளிச்சத்தில், வெளிப்படையாக, சின்னச் சின்னத் தூரமாக விளையாட வேண்டும். அப்படிச் செய்தால் கொழும்பு இதற்கு அருமையான இடம்.

கணக்கும் ஆப்பும்

ஜியோகேச்சிங் டொட் கொம் தளத்தில் இலவசமாக ஒரு கணக்குத் திறக்கலாம். பிள்ளைக்கு ஒன்று, உங்களுக்கு ஒன்று என்று திறக்காமல் குடும்பத்துக்கே ஒரு கணக்கு, பெற்றோரின் மின்னஞ்சலில். பெயரைப் பிள்ளைகளே வைக்கட்டும், ஆனால் பிள்ளையின் உண்மைப் பெயரோ பாடசாலையின் பெயரோ அதில் வரக்கூடாது, ஏனென்றால் நீங்கள் எங்கே எப்போது போனீர்கள் என்பது அந்தப் பெயரின் கீழ் எல்லோருக்கும் தெரியும்படி பதிவாகும்.

அப்புறம் அதே பெயரிலுள்ள ஆப்பைப் போனில் இறக்குங்கள். காசு கட்டாத கணக்கில் ஆப் இலகுவான கேச்களை மட்டும்தான் முழுமையாகக் காட்டும், தொடக்கத்தில் அது நல்லதுதான். அன்ட்ரொய்ட் போன் வைத்திருப்பவர்களுக்கு சி:ஜியோ என்று வேறொரு இலவச ஆப் உண்டு. அது அந்தக் கம்பனியின் சொந்த ஆப் அல்ல, ஆனாலும் அதே கணக்கால் உள்ளே போகலாம். முதல் சில மாதங்களுக்குக் காசு கட்ட வேண்டிய தேவை எதுவுமே இல்லை. வீட்டில் வைஃபை இருக்கும்போதே போகவிருக்கும் கேச்சின் பக்கத்தைத் திறந்து வாசித்துவிடுங்கள், வரைபடத்தையும் இறக்கிவையுங்கள். டேட்டா முடிந்து நடுரோட்டில் நிற்கத் தேவையில்லை.

பக்கத்தை வாசிக்கப் பழகுவது

புதியவர்கள் அநேகமாகத் தவறவிடுவது இதைத்தான். புள்ளியைப் பார்த்ததும் கிளம்பிவிடுகிறார்கள். ஒவ்வொரு கேச்சுக்கும் ஒரு பக்கம் இருக்கிறது, அதில் நாலு விஷயத்தைப் பார்த்தாலே போவதா வேண்டாமா என்று தெரிந்துவிடும்.

முதலாவது இரண்டு எண்கள். ஒன்று கண்டுபிடிப்பது எவ்வளவு கஷ்டம் என்பது, மற்றது போய்ச் சேர்வது எவ்வளவு கஷ்டம் என்பது. இரண்டும் 1இலிருந்து 5 வரை, அரை அரையாகக் கூடும். போய்ச் சேர்வதில் 1 என்றால் சக்கர நாற்காலியில் கூடப் போகலாம், 5 என்றால் படகோ கயிறோ ஏதாவது விசேட சாமான் வேண்டும். முதல் தடவை இரண்டுமே 1.5க்கு மேல் போகாமல் பாருங்கள். கூட வருபவர்களில் மிகச் சின்னவரையும் மிக மூத்தவரையும் நினைத்துத்தான் தெரிவுசெய்ய வேண்டும், நடுவில் இருப்பவர்கள் எப்படியும் சமாளிப்பார்கள்.

இரண்டாவது அளவு. மைக்ரோ என்றால் 100 மில்லிலீற்றருக்கும் குறைவு, பழைய பிலிம் டப்பா அளவு. நானோ என்பது விரல் நுனி அளவு. இவற்றில் சுருட்டிய காகிதத்தைத் தவிர வேறொன்றும் இருக்காது. பெரியவர்களுக்கு அது போதும், ஆறு வயதுப் பிள்ளைக்குப் போதாது. ஸ்மோல் என்பது 1 லீற்றர் வரை, ரெகுலர் அதற்கு மேல் 20 லீற்றர் வரை. இவற்றில்தான் சின்னச் சின்ன விளையாட்டுப் பொருட்கள் இருக்கும். பிள்ளையின் முதல் கேச் கட்டாயம் திறந்து உள்ளே பார்க்கக்கூடியதாக இருக்கட்டும்.

மூன்றாவது வகை. ட்ரெடிஷனல் என்றால் கொடுத்த புள்ளியிலேயே பெட்டி இருக்கும். மல்ட்டி என்றால் ஓரிடத்தில் கிடைக்கும் விடை அடுத்த இடத்துக்கு அனுப்பும். மிஸ்ட்ரி என்றால் வீட்டிலேயே புதிரை அவிழ்த்தால்தான் சரியான எண் வரும். ஏர்த்கேச், வேர்ச்சுவல் என்ற வகைகளில் பெட்டியே இல்லை, இடத்தைப் பார்த்துக் கேள்விக்கு விடை எழுதி அனுப்ப வேண்டும். தொடக்கத்துக்கு ட்ரெடிஷனல்.

நாலாவதுதான் எனக்கு மிக முக்கியம்: கடைசியாக யார், எப்போது கண்டுபிடித்தார்கள். பக்கத்தின் கீழே மற்றவர்கள் எழுதிய குறிப்புகள் வரிசையாக இருக்கும், இங்கே அவை உல்லாசப் பயணிகள் ஆங்கிலத்திலோ ஜெர்மனிலோ எழுதியவையாகவும் இருக்கலாம், மொழிபெயர்த்து வாசித்துக்கொள்ளலாம். போன மாதம் யாராவது கண்டிருந்தால் நம்பிப் போகலாம். கடைசி மூன்று நாலு பேர் வரிசையாக 'கிடைக்கவில்லை' என்று எழுதியிருந்தால் அது பெரும்பாலும் அங்கே இல்லை. மழைக்கும் துப்புரவு வேலைக்கும் கொழும்பில் பெட்டிகள் நிறையத் தொலைந்துபோகின்றன. முதல் பயணமே வெறுங்கையோடு திரும்பினால் பிள்ளை இரண்டாவது பயணத்துக்கு வராது.

அந்த எண்கள்

கேச் இருக்கும் இடத்தின் அகலாங்கும் நெட்டாங்கும் N 06° 54.800, E 079° 51.700 என்பதுபோல எண்களாக இருக்கும். N என்பது வடக்கு, E என்பது கிழக்கு. பாகை, பிறகு நிமிடம், நிமிடத்துக்கு மூன்று தசம தானம். மேலே உள்ள எண் விகாரமகாதேவி பூங்காவுக்குள் விழும். கொழும்பு பூமத்திய ரேகைக்குக் கிட்ட இருப்பதால் வடக்கே போனாலும் கிழக்கே போனாலும் ஒரு நிமிடம் ஏறத்தாழ 1.84 கிலோமீற்றர்தான், ஆகவே கடைசி இலக்கத்தில் ஒன்று மாறினால் இரண்டு மீற்றருக்குச் சற்றுக் குறைவாக நகர்கிறோம். பிள்ளை பூங்காவில் நாலு எட்டு வைத்து எண் மாறுவதைத் தானே பார்க்கட்டும். இலண்டனில் இருக்கும் பெரியப்பா பிள்ளைகளுக்குக் கிழக்கு மேற்காக ஒரு நிமிடம் ஏறத்தாழ 1.16 கிலோமீற்றர்தான் வரும், ஏன் என்று கேட்டுவையுங்கள். வகுப்பில் வெறும் கோடாகப் படித்த அகலக்கோடும் நெடுங்கோடும் ஒரு பத்து வயதுப் பிள்ளைக்கு அந்த இடத்தில் விளங்கிவிடும், அதைப் பார்க்க அவ்வளவு சந்தோஷமாக இருக்கும்.

எப்போது போவது

காலை ஆறரை முதல் ஒன்பது வரை, இல்லாவிட்டால் மாலை நாலரை முதல் ஆறு வரை. நடுப்பகலில் காலி முகத்திடல் வெயிலில் பிள்ளையை நிறுத்தாதீர்கள். ஆறு, ஆறரைக்கு இருட்டிவிடும், இருட்டிய பிறகு தேடவே கூடாது, கண்டுபிடிக்க இரண்டு மீற்றர்தான் பாக்கி என்றாலும் திரும்பி வந்துவிடுங்கள்.

டிசம்பர் முதல் பெப்ரவரி வரை கொழும்பில் மழை ஒப்பீட்டளவில் குறைவு, நல்ல காலம். மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேரத்தில் இடி மின்னலோடு மழை வரும், அந்த மாதங்களில் காலையில் மட்டும் போங்கள். திடலிலும் கடற்கரையிலும் மின்னலுக்கு ஒதுங்க இடமில்லை. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை, ஆனால் கனடாவிலிருந்தும் இலண்டனிலிருந்தும் சொந்தக்காரர் வருவதும் ஜூலை ஓகஸ்டில்தான், ஆகவே குடையோடு போக வேண்டி வரும். போயா விடுமுறைகள் நல்ல நாட்கள், வெசாக் மட்டும் வேண்டாம், அன்றைக்குப் பந்தல் பார்க்கிற சனத்துக்குள் ஒன்றையும் தேட முடியாது.

பையில் என்ன

பென்சில், பேனை இரண்டும். ஈரக் காகிதத்தில் பேனை எழுதாது, பென்சில் எழுதும், நம் ஊர் ஈரப்பதனில் பெட்டிக்குள் இருக்கும் கொப்பி எப்போதும் கொஞ்சம் ஈரமாகத்தான் இருக்கும். தண்ணீர், தொப்பி, நுளம்புக்குப் பூசும் கிறீம், ஒரு சின்ன டோர்ச் (பொந்துக்குள் கை விடுவதற்கு முன் வெளிச்சம் அடித்துப் பார்க்க), சார்ஜ் உள்ள பவர் பேங்க், பெரியவர்களின் அடையாள அட்டை, மாற்றிக்கொள்ளச் சில சின்னச் சாமான்கள், குப்பைக்கு ஒரு சொப்பிங் பேக். மூடிய சப்பாத்து போடுங்கள், பாட்டா செருப்பு வேண்டாம்.

மாற்றுவதற்குப் போளை, சோழி, பாவித்த முத்திரை, வெளிநாட்டுச் சில்லறை, சாவி வளையம் இப்படி ஏதாவது. ஒன்று எடுத்தால் அதே பெறுமதியில் அல்லது அதைவிட நல்லதாக ஒன்று வைக்க வேண்டும், இந்த ஒரு விதியைப் பிள்ளைக்குக் கண்டிப்பாகச் சொல்லுங்கள். சாப்பாட்டுச் சாமான், இனிப்பு, மருந்து, தீப்பெட்டி எதுவும் பெட்டிக்குள் போகக்கூடாது. இனிப்பு வைத்தால் மறுநாள் பெட்டி எறும்புக் கூடு.

போய்த் தேடுவது

வெள்ளவத்தையிலிருந்து கோட்டைப் பக்கம் என்றால் கரையோர ரயில் பிள்ளைகளுக்குப் பிடிக்கும், காலி வீதியில் 100, 101 பஸ்களும் இருக்கின்றன. ஆனால் தண்டவாளத்தில் நடந்து குறுக்கு வழி போகும் பழக்கத்தை இந்த விளையாட்டுக்காக எடுத்துவிடாதீர்கள். கடல் இரைச்சலில் ரயில் வருவது கேட்காது. கேச் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் என்று காட்டினால், கடவை இருக்கும் இடம்வரை நடந்து சுற்றிப் போங்கள், கடவை இல்லையென்றால் அந்தக் கேச் வேண்டாம்.

இடத்துக்குக் கிட்ட வந்ததும் போனைச் சின்னவரிடம் கொடுங்கள், அம்பைப் பார்த்து அவரே வழிகாட்டட்டும். தெரு கடக்கும்போது மட்டும் போன் பெரியவர் கையில். திசைகாட்டி குழம்பினால் போனைக் காற்றில் எட்டுப்போலச் சுழற்றினால் அநேகமாகச் சரியாகும். திறந்த வானத்தின் கீழ் போன் ஐந்து மீற்றர் முன்பின்னாகக் காட்டும், பெரிய மரங்களின் கீழும் உயரமான கட்டடங்களுக்கு நடுவிலும் அது இன்னும் மோசமாகும். ஆகவே பத்து மீற்றர் என்று காட்டியதும் போனைப் பைக்குள் போட்டுவிட்டுக் கண்ணால் தேட வேண்டும், அம்பைப் பின்தொடர்ந்துகொண்டே இருந்தால் ஒரே இடத்தைச் சுற்றிக்கொண்டிருப்பீர்கள்.

எல்லோரும் ஒரு நிமிடம் சும்மா நின்று பாருங்கள். வைத்தவர் எங்கே நின்று வைத்திருப்பார்? இங்கே எது பொருந்தாமல் இருக்கிறது? மூன்று கற்கள் வேண்டுமென்று அடுக்கியதுபோல் இருக்கிறதா, கிராதியின் கீழே காந்தம் ஒட்டியிருக்கிறதா, மர வேருக்கு நடுவில் புதுக் கிளை ஒன்று கிடக்கிறதா? பிள்ளைகள் பெரியவர்களைவிட இதில் கெட்டிக்காரர், அவர்கள் கண் மட்டத்தில் பார்க்கிறார்கள். நீங்கள் முதலில் கண்டுவிட்டால் சொல்லாதீர்கள், நகர்ந்து போய் ஒரு பெஞ்சில் உட்காருங்கள். விதிப்படி இட உரிமையாளரின் அனுமதி இல்லாமல் கேச்சை மண்ணுக்குள் புதைக்கக் கூடாது, ஆகவே தோண்டவோ பூச்செடியைப் பிடுங்கவோ ஓடு கழற்றவோ ஒரு தேவையும் இல்லை. இருபது நிமிடம் தேடியும் கிடைக்கவில்லையா, கேச்சின் பக்கத்தில் வைத்தவர் கொடுத்திருக்கும் துப்பைத் (ஹின்ட்) திறந்து பாருங்கள். அதுவும் உதவவில்லையா, விட்டுவிட்டு வடை சாப்பிடப் போங்கள்.

கிடைத்தால், அக்கம் பக்கம் பார்த்து, பெட்டியை எடுத்துக்கொண்டு ஓரமாகப் போய்த் திறவுங்கள். மறைவிடத்தின் மேலேயே நின்று திறந்தால் போகிற வருகிறவர்களுக்கு இடம் தெரிந்துவிடும், அடுத்த வாரம் பெட்டி இருக்காது.

பாதுகாப்பு

மற்றதைத் தாவி வாசித்தாலும் இதை வாசியுங்கள்.

நம்மில் பலர் சோதனைச் சாவடிகளோடு வளர்ந்தவர்கள். 2019 ஏப்ரல் 21க்குப் பிறகு கைவிடப்பட்ட பை ஒன்றைப் பார்த்தால் இந்த ஊரில் யாருக்கும் நெஞ்சு படபடக்கும், அது நியாயமானதுதான். எனவே ஜனாதிபதி மாளிகை, முகாம்கள், துறைமுகம், தூதரகங்கள், பொலிஸ் நிலையங்கள், வங்கிகள் இவற்றின் சுற்றுவட்டாரத்தில் தேடவே தேடாதீர்கள். ஆப் ஒரு புள்ளியைக் காட்டினாலும் வேண்டாம். கோட்டையில் சதாம் வீதியிலுள்ள மணிக்கூட்டுக் கோபுரத்தைப் பாருங்கள், 1952 வரை கலங்கரை விளக்கமாகவும் இருந்தது அது, நின்று ரசித்துவிட்டு வாருங்கள். அந்தப் பக்கம் மதிலோரத்தில் குனிந்து தேட வேண்டாம். கோயில், விகாரை, பள்ளிவாசல், தேவாலயம், பாடசாலை வளவுகளும் அப்படித்தான்.

யாராவது காவலாளியோ பொலிஸ்காரரோ கேட்டால் ஒளிக்காதீர்கள், ஓடாதீர்கள், பெட்டியைச் சட்டென்று மறைக்காதீர்கள். போனில் ஆப்பைக் காட்டி, பிள்ளைகளோடு விளையாடும் விளையாட்டு என்று சொல்லுங்கள். போகச் சொன்னால் வாதாடாமல் போய்விடுங்கள். சிங்களத்தில் அதைச் சொல்ல ஒரு வசனத்தைப் பிள்ளைகளையே பழகவிடுங்கள். பிள்ளை வாயால் கேட்டால் பெரும்பாலானவர்கள் சிரித்து, தாங்களும் தேடத் தொடங்குவார்கள்.

பெட்டியைத் தொடுவது எப்போதும் பெரியவர் முதலில். கேச் என்றால் அது கேச் என்று பெட்டியில் பெரும்பாலும் எழுதியிருக்கும், பக்கத்திலும் அதன் தோற்றம் பற்றி ஏதாவது சொல்லியிருக்கும். இரண்டோடும் ஒத்துவராத எதையும் யாரும் தொடக்கூடாது, விலகி வந்து 119க்கு அழையுங்கள். அம்புலன்ஸுக்கு 1990, இந்த இரண்டு எண்ணும் பிள்ளைகளுக்கு மனப்பாடமாக இருக்கட்டும்.

பாடசாலை விடுமுறைக்கு யாழ்ப்பாணம், கிளிநொச்சி, முல்லைத்தீவு போகும்போது அங்கேயும் விளையாட ஆசை வரும். அங்கே தார் ரோட்டையும் ஆட்கள் நடக்கும் பாதையையும் விட்டு ஒரு அடிகூட விலகக் கூடாது. முகமாலைப் பக்கம் கண்ணிவெடி அகற்றும் வேலை ஆண்டுக்கணக்காக நடந்துவந்தது உங்களுக்குத் தெரியும். எந்தக் கேச்சும் ஒரு பிள்ளையின் காலுக்கு ஈடாகாது.

உயிரினங்களையும் மறக்க வேண்டாம். 2018இல் உலகில் முதன்முதலாக, ஈரநிலங்களைக் காக்கும் சர்வதேச உடன்படிக்கையான ராம்சாரின் கீழ் ஈரநில நகரங்களாக அங்கீகரிக்கப்பட்ட 18 நகரங்களில் கொழும்பும் ஒன்று. பெத்தகான, தியசரு போன்ற ஈரநிலப் பூங்காக்களுக்குப் போகும்போது பிள்ளைகள் மரப்பலகைப் பாதையிலேயே இருக்கட்டும், கபரகொய்யா (பெரிய நீருடும்பு) சீண்டாவிட்டால் ஒன்றும் செய்யாது, ஆனால் அந்த நீர்நிலைகளில் முதலையும் உண்டு. கல்லைப் புரட்டும்போது பூரான், தேள். காலில் காயம் இருந்தால் சேற்றுத் தண்ணீரில் இறங்க வேண்டாம், எலிக்காய்ச்சல் அப்படித்தான் தொற்றுகிறது. இன்னொன்று, மூடி உடைந்து மழைத்தண்ணீர் தேங்கிய பெட்டியைக் கண்டால் தண்ணீரைக் கொட்டிக் கவிழ்த்து வைத்துவிட்டு, பழுது என்று ஆப்பில் அறிவியுங்கள். டெங்கு நுளம்புக்கு அவ்வளவு தண்ணீரே தாராளம்.

எழுதுவது

பெட்டிக்குள் இருக்கும் கொப்பியில் குடும்பப் பெயரும் திகதியும். பிறகு வீட்டுக்கு வந்து ஆப்பிலும் பதிவு. 'டி.எஃப்.டி.சி.' என்று நாலு எழுத்துப் போட்டு முடிப்பார்கள், கேச்சுக்கு நன்றி என்று பொருள். அதோடு நிறுத்தாமல் இரண்டு வரி எழுதுங்கள், முடிந்தால் பிள்ளையையே சொல்லவிட்டு நீங்கள் தட்டச்சு செய்யுங்கள். யாரோ ஒருவர் தன் காசில் பெட்டி வாங்கி வைத்துப் பராமரிக்கிறார், அவருக்குக் கிடைக்கும் ஒரே சம்பளம் அந்த வரிகள்தான். தமிழில் எழுதலாமா? தாராளமாக. கிடைக்காவிட்டாலும் கிடைக்கவில்லை என்று பதியுங்கள், அடுத்தவருக்கு அது பெரிய உதவி. படம் போடும்போது மறைவிடமும் பிள்ளையின் முகமும் தெரியாமல் பாருங்கள்.

சில பெட்டிகளில் எண் பொறித்த உலோகத் தகடு கட்டிய சின்னப் பொம்மை இருக்கும். அது ட்ராவல் பக். அதை வைத்துக்கொள்ளக் கூடாது, எண்ணைப் பதிந்து எடுத்துக்கொண்டுபோய் வேறொரு கேச்சில் போட வேண்டும், அது எங்கெங்கே போகிறது என்று இணையத்தில் பார்க்கலாம். நம் குடும்பங்கள் பாதி ரொறன்ரோவிலும் பாதி பரிஸிலும் இருப்பதால் இதில் எனக்குத் தனி ஆசை. ஒரு ட்ராவல் பக் வாங்கி, 'மச்சான் இருக்கும் ஸ்காபரோவுக்குப் போக வேண்டும்' என்று அதற்கு இலக்கு எழுதிக் கொழும்பில் விட்டால், பிள்ளைகள் இரண்டு பக்கத்திலிருந்தும் வரைபடத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஒன்று சொல்லிவையுங்கள், வழியில் அது தொலைந்தும் போகலாம்.

கேச் முடிந்துபோனால்

கிட்டடியில் உள்ள இலகுவான கேச்கள் சீக்கிரம் முடிந்துவிடும். அதற்குப் பிறகு கொழும்பில் இந்த விளையாட்டு நிலைக்க வேண்டுமென்றால் இரண்டு மூன்று குடும்பங்கள் சேர்ந்து தங்களுக்குள் வேட்டை நடத்த வேண்டும். தளத்தில் போடத் தேவையில்லை, அனுமதி சிக்கலும் இல்லை, ஏனென்றால் எந்த இடத்திலும் பெட்டியைத் தனியே விட்டுவிட்டு வரப்போவதில்லை. கடைசிப் புள்ளியில் ஒரு மாமாவோ சித்தியோ சாப்பாட்டுப் பெட்டியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார், அவ்வளவுதான்.

காலி முகத்திடலை எடுங்கள். அங்கே ஒரு நினைவுக் கல் இருக்கிறது. ஆளுநர் ஹென்றி வார்ட் 1856இல் தொடங்கி 1859இல் முடித்த நடைபாதை இது, கொழும்பின் பெண்கள், பிள்ளைகளின் நலனுக்காக இதைத் தன் பின் வருபவர்களுக்குப் பரிந்துரைக்கிறார் என்று அதில் பொறித்திருக்கிறது. கடற்காற்று வாங்கப் போகும் ஆயிரக்கணக்கானவர்களில் எத்தனை பேர் அதை வாசித்திருப்பார்கள்? உங்கள் வேட்டையின் முதல் புள்ளி அந்தக் கல்லாக இருக்கட்டும். கேள்வி: இந்த வேலைக்கு எத்தனை ஆண்டு எடுத்தது? விடை 3. அடுத்த புள்ளியின் எண்ணில் ஓர் இலக்கத்தை மறைத்து, அந்த இடத்தில் 3 வரும்படி செய்துவிடுங்கள். செய்யும் முறை தலைகீழானது: முதலில் போய் அடுத்த இடத்தைத் தெரிவுசெய்து, போனில் எண்ணைக் குறித்துக்கொண்டு வந்து, பிறகு வீட்டிலிருந்து அந்த எண்ணுக்குப் பொருத்தமாகக் கேள்வியை அமைக்க வேண்டும். கேள்வியை முதலில் யோசித்தால் விடை காட்டும் புள்ளி கடலுக்குள் போய் விழும்.

ஒரு ஞாயிறு காலையில், சனம் குறைவாக இருக்கும்போது, புறக்கோட்டைக் கான் மணிக்கூட்டுக் கோபுரத்தையும் இப்படிச் சேர்க்கலாம். பம்பாயிலிருந்து வந்த பார்சிக் குடும்பம் ஒன்று தந்தையின் நினைவாகக் கட்டி 1923 ஜனவரி 4ஆம் திகதி நகர மக்களுக்குக் கொடுத்தது அது. 04.01.1923 என்று எழுதினால் திகதியிலேயே எட்டு இலக்கம் இருக்கிறது, புதிர் செய்ய வேறென்ன வேண்டும்? அங்கிருந்து கொஞ்சம் நடந்தால் சிவப்பு வெள்ளைப் பள்ளிவாசல். சின்னப் பிள்ளைகளுக்குப் படம் கொடுத்து 'இதைத் தேடு' என்று விடலாம், பெரிய பிள்ளைகளுக்கு எண்ணும் கணக்கும். பதின்ம வயதுப் பிள்ளைகளைத் தேடச் சொல்லாதீர்கள், வேட்டையைத் தயாரிக்கச் சொல்லுங்கள். தேட மாட்டேன் என்று முகத்தைத் தூக்கும் பதினான்கு வயதுப் பையன், தங்கச்சியைச் சுற்ற வைக்கும் புதிர் என்றால் இரவு முழுக்க உட்கார்ந்து யோசிப்பான்.

சொந்தமாக ஒன்று வைக்க

அவசரப்படாதீர்கள். குறைந்தது இருபது முப்பது கேச்களையாவது தேடிப் பார்த்த பிறகு, ஒரு நல்ல இடம் தெரிந்தால் வையுங்கள். பக்கத்து கேச்சின் பெட்டிக்கும் உங்களுடையதற்கும் இடையில் 161 மீற்றராவது இருக்க வேண்டும், இடத்துக்குப் பொறுப்பானவரின் அனுமதி வேண்டும், வெளியாவதற்கு முன் தன்னார்வப் பரிசோதகர் ஒருவர் விவரங்களைப் பார்ப்பார். அனுமதி கேட்பதுதான் இங்கே கஷ்டமான பகுதி. தெரிந்தவரின் கடை முற்றம், தோட்டம் வைத்த சிற்றுண்டிச்சாலை, உறவினர் வீட்டு மதில் மூலை, இப்படி ஒரு மனிதர் பொறுப்பாக இருக்கும் இடங்களே நல்லவை; யாராவது கேட்டால் 'ஓம், எனக்குத் தெரியும், பிள்ளைகளின் விளையாட்டு' என்று அவர் சொல்வார்.

பெட்டி கட்டாயம் ஒளி ஊடுருவும் பெட்டியாக இருக்கட்டும், உள்ளே இருப்பது வெளியே தெரிய வேண்டும். நாலு பக்கமும் பூட்டும் றப்பர் வளையம் உள்ள பெட்டி மழையைத் தாங்கும். கறுப்பு டேப் சுற்றாதீர்கள், வயர் எதுவும் வேண்டாம். வெளியே தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் இது ஒரு விளையாட்டுப் பெட்டி என்பதையும் கேச்சின் குறியீட்டு எண்ணையும் எழுதி ஒட்டுங்கள். கொப்பியை ஸிப் பையில் போட்டு, சப்பாத்துப் பெட்டியில் வரும் சிலிக்கா பொட்டலம் ஒன்றையும் சேர்த்து வையுங்கள், சின்னப் பிள்ளை வாயில் போடாதபடி அதைக் கொப்பியோடு ஒட்டிவிடுங்கள். எண்ணை எடுக்கும்போது ஒரே தடவையில் எடுக்காமல், வெவ்வேறு நேரத்தில் மூன்று நாலு தடவை எடுத்துச் சராசரி பாருங்கள், இந்தக் கணக்கையும் பிள்ளையிடமே விடலாம்.

அதன் பிறகு அது உங்கள் பொறுப்பு. பெருமழை முடிந்த ஒவ்வொரு தடவையும் போய்ப் பாருங்கள், கொப்பி நனைந்திருந்தால் மாற்றுங்கள், பெட்டியில் விரிசல் விழுந்திருந்தால் புதிது வையுங்கள். யாராவது கிடைக்கவில்லை என்று எழுதினால் ஒரு வாரத்துக்குள் பார்த்துப் பதில் போடுங்கள். வெளிநாடு போகிறீர்கள், வீடு மாறுகிறீர்கள், இனிப் பார்க்க முடியாது என்றால் தளத்தில் கேச்சை மூடிவிட்டு, பெட்டியைக் கையோடு எடுத்துக்கொண்டு வாருங்கள். இட உரிமையாளரிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.